வெப் சர்வருக்குப் பின்னால் டாம்கேட்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்காய் மண்டி, மாங்கூழ் ஆலை, ஓசூரில் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை, தருமபுரியில் ஒரு கல்லூரி அலுவலகம் என்று நம் பக்கம் சொந்த மென்பொருள் வைத்து ஓட்டும் இடங்கள் பெருகிவிட்டன. பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் புரோகிராம் எழுதித் தர ஆள் கிடைத்துவிடுகிறார்கள். அதை ஒரு இயந்திரத்தில் ஏற்றி, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் திறந்துவிடும் வேலை மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகள் தலையில் விழுகிறது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் உபுண்டு லினக்ஸ், முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாவா புரோகிராமை ஓட்டும் டாம்கேட் என்ற அமைப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கோப்பில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். என்ஜின்எக்ஸ் கட்டளைகளில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

டாம்கேட்டே பக்கத்தைக் காட்டுகிறதே, முன்னால் இன்னொரு சர்வர் எதற்கு?

உண்மைதான். டாம்கேட்டை நிறுவியதும் 8080 போர்ட்டில் (இயந்திரத்துக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) பதில் சொல்லத் தொடங்கிவிடும். அலுவலகத்துக்குள் நாலு பேர் பயன்படுத்த அதுவே போதும். வெளி உலகத்துக்குத் திறக்கும்போதுதான் சிக்கல்.

ஒரு மாங்கூழ் ஆலையின் கேட்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் பெங்களூரா காய் ஏற்றிய லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். கேட்டில் இருப்பவர் வண்டி எண்ணைக் குறித்து, டோக்கன் கொடுத்து, இடம் காலியாகும்போது எடை மேடைக்கு அனுப்புவார். அவர் இல்லாமல் எல்லா வண்டியும் நேராகக் கூழ் பிழியும் இடத்துக்கே போனால் ஆலை நின்றுவிடும். என்ஜின்எக்ஸ் அந்தக் கேட் வேலையைச் செய்கிறது.

அஞ்செட்டி மலையில் சிக்னல் மங்கலாக இருக்கும் இடத்திலிருந்து ஒரு விவசாயி படம் ஒன்றை அனுப்புகிறார் என்று வையுங்கள். அது சொட்டுச் சொட்டாக வரும். நேரே டாம்கேட்டுக்கு வந்தால், அது முழுதாக வந்து சேரும்வரை ஒரு த்ரெட் (ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி) காத்துக் கிடக்கும். டாம்கேட்டில் இயல்பாக 200 த்ரெட்தான். இப்படிப் பல பேர் சேர்ந்தால் சிபியு சும்மா இருக்கும்போதே சைட் உறைந்துவிடும். என்ஜின்எக்ஸ் முன்னால் இருந்தால் முழுதையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒரே மூச்சில் டாம்கேட்டுக்குத் தரும். பதில் திரும்பும்போதும் அப்படியே. ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் குறைந்த நினைவகத்தில் தாங்குவதற்காகவே இகோர் சிசோயெவ் இதை எழுதி 2004-ல் வெளியிட்டார்.

இன்னொன்று: 1024-க்குக் கீழான போர்ட்டுகளைத் திறக்க லினக்ஸில் ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும். ஹெச்டிடிபிக்கான 80, ஹெச்டிடிபிஎஸ்-க்கான 443 போர்ட்டுகளுக்காக டாம்கேட்டை ரூட்டாக ஓட்டுவது பெரிய ஆபத்து. உங்கள் புரோகிராமில் ஒரு ஓட்டை இருந்தால் முழு இயந்திரமும் போய்விடும்.

அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா?

இரண்டும் வெப் சர்வர்தான். எது ஏற்கெனவே ஓடுகிறதோ அது. அதே இயந்திரத்தில் பிஹெச்பி சைட் ஒன்று அப்பாச்சியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அதை எடுத்துவிட்டு என்ஜின்எக்ஸ் போடத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் என்ஜின்எக்ஸ் என்பேன். எழுத வேண்டிய வரிகள் குறைவு.

குறைந்தபட்சம் என்ன எழுத வேண்டும்?

ஒரு சர்வர் பிளாக். அதில் லிஸன் 443, உங்கள் டொமைன் பெயர், சான்றிதழின் இரண்டு கோப்புகள். அதற்குள் ஒரு லொகேஷன் பிளாக், அதில் ப்ராக்ஸி பாஸ் என்று எழுதி 127.0.0.1, போர்ட் 8080. இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், பக்கமும் தெரிந்துவிடுகிறது. பிறகு வரும் பாதித் தொல்லைக்கு இங்கே நிறுத்தியதுதான் காரணம்.

கோரிக்கை என்ஜின்எக்ஸிலிருந்து டாம்கேட்டுக்குக் கைமாறும் இடத்தில் மூன்று தகவல்கள் தொலைந்துபோகும்: வந்தவர் எந்த டொமைன் பெயரைக் கேட்டார், எந்த ஐபியிலிருந்து வந்தார், ஹெச்டிடிபிஎஸ்-ல் வந்தாரா. டாம்கேட்டின் கண்ணுக்கு எல்லாக் கோரிக்கையும் 127.0.0.1-லிருந்து, சாதா ஹெச்டிடிபியில் வந்ததாகவே தெரியும். அதனால் கோரிக்கையோடு இந்தக் குறிப்புகளைச் சேர்த்தனுப்பும் ப்ராக்ஸி செட் ஹெடர் வரிகள் மூன்று கட்டாயம்: ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ.

அனுப்பினால் மட்டும் போதாது, வாங்குகிறவர் படிக்கவும் வேண்டும். டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ரிமோட் ஐபி வால்வ் என்ற ஒரு வரியைச் சேர்த்து, ப்ரோட்டோகால் ஹெடர் என்ற இடத்தில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ பெயரைக் கொடுங்கள். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதியது என்றால் ஃபார்வர்ட் ஹெடர்ஸ் ஸ்ட்ராட்டஜி என்ற அமைப்பு அதே வேலையைச் செய்யும்.

அப்பாச்சியில் இதற்கு இணையானவை ப்ராக்ஸிபாஸ், ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ், ப்ராக்ஸிபிரிசர்வ்ஹோஸ்ட். மாட்_ப்ராக்ஸி, மாட்_ப்ராக்ஸி_ஹெச்டிடிபி இரண்டையும் இயக்கியிருக்க வேண்டும். ப்ரோட்டோ ஹெடரை ரிக்வெஸ்ட்ஹெடர் வரியால் நீங்களே சேர்க்க வேண்டும். அதற்கு மாட்_ஹெடர்ஸும் வேண்டும்.

கோப்பை மாற்றியதும் என்ஜின்எக்ஸை ஹைஃபன் டி போட்டு ஓட்டிச் சோதியுங்கள். சரி என்று சொன்னபின் ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோட் செய்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்புகள் அறுந்துபோகாது.

“திசைமாற்றம் மிக அதிகம்” என்று பிரவுசர் சொல்லிவிட்டு நிற்கிறது.

மேலே சொன்ன மூன்றாவது தகவல் தொலைந்ததன் விளைவு. வந்தவர் ஹெச்டிடிபிஎஸ்-ல்தான் வந்தார். ஆனால் புரோகிராம் சாதா ஹெச்டிடிபி என்று நினைத்து, ஹெச்டிடிபிஎஸ்-க்குப் போ என்று திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் மறுபடி வருகிறது, மறுபடி அதே பதில். ப்ரோட்டோ ஹெடரும் ரிமோட் ஐபி வால்வும் இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் உடனே நின்றுவிடும். சிலர் புரோகிராமில் அந்த ஹெச்டிடிபிஎஸ் கட்டாயத்தையே எடுத்துவிடுகிறார்கள். அது தீர்வில்லை, புரோகிராம் உருவாக்கும் முழு முகவரிகள் எல்லாம் அப்போதும் ஹெச்டிடிபி என்றே தொடங்கும்.

அண்ணா, பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன். லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வருகிறது.

டாம்கேட்டில் உங்கள் புரோகிராம் எந்தப் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. மண்டி.வார் என்ற கோப்பை (புரோகிராம் முழுதும் அடங்கிய பொதி) வெப்ஆப்ஸ் அடைவில் போட்டால் அது /மண்டி என்ற பாதையில் உட்காரும். வெளியே அந்தப் பெயர் தெரிய வேண்டாம் என்று என்ஜின்எக்ஸில் வெறும் சாய்கோட்டை /மண்டி-க்குத் திருப்பிவிட்டிருப்பீர்கள். வந்தவரை அடையாளம் காண டாம்கேட் தரும் ஜேசெஷன்ஐடி குக்கீயில் பாதை /மண்டி என்றே எழுதியிருக்கும். பிரவுசர் இருப்பதோ வெறும் சாய்கோட்டில். பாதை பொருந்தாததால் குக்கீயைத் திருப்பி அனுப்பாது. ஒவ்வொரு கோரிக்கையையும் டாம்கேட் புது ஆளாகவே பார்க்கும்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி, குக்கீ பட்டியலில் பாதை என்ற பத்தியைப் பாருங்கள். அங்கேயே தெரிந்துவிடும். ப்ராக்ஸி குக்கீ பாத் என்ற வரியால் மாற்றி எழுதலாம். ஆனால் பக்கத்தில் உள்ள இணைப்புகளும் /மண்டி என்றே வரும், ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருக்கும். வார் கோப்புக்கு ரூட் என்று பெரிய எழுத்தில் பெயர் மாற்றிப் போட்டுவிடுவதே நல்லது. இல்லையென்றால் வெளியேயும் /மண்டி என்றே விட்டுவிடுங்கள். உள்ளும் புறமும் ஒரே பாதை இருப்பதுதான் நிம்மதி.

இதே இடத்தில் இன்னொரு கண்ணி: ப்ராக்ஸி பாஸ் வரியில் போர்ட் எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடு. லொகேஷன் /மண்டி/ என்று இருக்கும்போது, 8080 என்று முடித்தால் டாம்கேட்டுக்கு /மண்டி/லாகின் என்றே போகும். 8080-க்குப் பின் சாய்கோடு வைத்தால் /மண்டி/ வெட்டப்பட்டு /லாகின் என்று போகும். இரண்டும் சரியான எழுத்துதான் என்பதால் சோதனை எதையும் பிழை என்று சொல்லாது.

502 பேட் கேட்வே வருகிறது. என்ஜின்எக்ஸ் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. 502-ஐக் காட்டுவதே என்ஜின்எக்ஸ்தான், அதாவது அது உயிரோடு இருக்கிறது. பின்னால் இருப்பவரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்பதுதான் செய்தி. என்ஜின்எக்ஸின் எரர் லாக்கில் கடைசி வரியைப் படியுங்கள். அங்கே ஒரு எண் இருக்கும்.

111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. அந்தப் போர்ட்டில் யாருமே இல்லை. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் கரண்ட் கட். கரண்ட் வந்ததும் இயந்திரம் தானாக எழுந்துவிடும், என்ஜின்எக்ஸும் எழுந்துவிடும். டாம்கேட் எழாது. நிறுவிய அன்று யாரோ ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிவிட்டுப் போயிருப்பார்கள். லினக்ஸில் சேவைகளைத் தானாகத் தொடங்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாக எழுதி, எனேபிள் செய்திருந்தால்தான் தானாக வரும். எனேபிள் செய்திருந்தாலும் டாம்கேட் முழுதாக ஏறிவரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் 502 வருவது இயல்பு. எல்லாம் சரியாக வைத்தபின் ஒருமுறை இயந்திரத்தை வேண்டுமென்றே ரீபூட் செய்து பாருங்கள். சீசன் நடுவில், வெளியே லாரி நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

13 என்றால் அனுமதி இல்லை. ராக்கி, ஆல்மா போன்ற லினக்ஸ்களில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கும். ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் என்ற ஒற்றைச் சுவிட்சைப் போட்டால் போதும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

லாக்கில் இரட்டைப்புள்ளி இரட்டைப்புள்ளி 1 என்ற ஐபிவி6 முகவரி தென்பட்டால், ப்ராக்ஸி பாஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பீர்கள். அதை 127.0.0.1 என்று மாற்றுங்கள்.

504?

பின்னால் இருப்பவர் இருக்கிறார், பதில் சொல்ல நேரமாகிறது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 வினாடி காத்திருக்கும். மாதக் கொள்முதல் அறிக்கை, சீசன் முழுவதற்குமான விவசாயி வாரிக் கணக்கு போன்றவற்றில்தான் இது வரும். ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டை அந்த ஒரு பாதைக்கு மட்டும் கூட்டலாம். எல்லாவற்றுக்கும் 10 நிமிடம் என்று வைத்துவிடாதீர்கள். டேட்டாபேஸ் மாட்டிக்கொண்ட அன்று எல்லாரும் 10 நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய அறிக்கையைப் பின்னணியில் தயாரித்து, முடிந்ததும் இறக்கிக்கொள்ளச் சொல்வதே சரியான வழி. அதை எழுதித் தரும்படி புரோகிராம் செய்தவரிடம் கேளுங்கள்.

லாக்கில் 499 என்று நிறையத் தெரிந்தால், பயனாளி காத்திருந்து சலித்து மூடிவிட்டார் என்று பொருள். 504-க்கு முன்னெச்சரிக்கை அதுதான்.

எடைச் சீட்டைப் படம் எடுத்து ஏற்றினால் 413 வருகிறது.

என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது. இப்போதைய போன் படங்கள் அதைவிடப் பெரியவை. கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் 10 எம் என்று வையுங்கள். பின்னாலும் ஒரு வரம்பு இருக்கும்: ஸ்பிரிங் பூட்டில் ஒரு கோப்புக்கு 1 எம்பி. ஒன்றை மட்டும் மாற்றினால் பிழையின் முகம்தான் மாறும்.

எடை மேடை எண் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். என்ஜின்எக்ஸ் போட்டதிலிருந்து ஓடவில்லை.

அது வெப்சாக்கெட்டில், அதாவது மூடாமல் திறந்தே இருக்கும் இணைப்பில் வருகிறது. அதற்கு ப்ராக்ஸி ஹெச்டிடிபி வெர்ஷன் 1.1 என்ற வரியும், அப்கிரேட், கனெக்‌ஷன் ஆகிய ஹெடர்களும் தனியாக வேண்டும். அவற்றைச் சேர்த்தபின்னும் வண்டி எதுவும் ஏறாத நேரத்தில் 60 வினாடியில் அறுந்துபோகும், மேலே சொன்ன அதே காத்திருப்பு வரம்பால். புரோகிராம் அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிறு பிங் அனுப்பினால் அறாது.

லாக்கில் எல்லாருடைய ஐபியும் 127.0.0.1 என்றே இருக்கிறது.

ரிமோட் ஐபி வால்வ் போட்டபின் புரோகிராமுக்குச் சரியான ஐபி தெரியும். டாம்கேட்டின் அக்சஸ் லாக்கிலும் தெரிய, அக்சஸ் லாக் வால்வில் ரிக்வெஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் எனேபிள்டு என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். என்ஜின்எக்ஸ் வழக்கமாக உண்மையான ஐபியை அதன் கடைசியில் சேர்க்கும். ரிமோட் ஐபி வால்வ் வலப்பக்கத்திலிருந்து படிப்பதால் ஏமாறாது. ஆனால் புரோகிராமர் தானே அந்த ஹெடரைப் பிரித்து, முதலில் உள்ள ஐபியை எடுத்துக்கொண்டால் சுலபமாக ஏமாற்றலாம். ஐபியை வைத்து அனுமதி தரும் இடம் ஏதாவது இருந்தால் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

என்ஜின்எக்ஸ் போட்டாகிவிட்டது. 8080-ஐ அப்படியே விட்டால் என்ன?

விடாதீர்கள். டொமைனுக்குப் பின்னால் 8080 என்று அடித்துப் பார்ப்பவர்கள் நேரே உள்ளே வந்துவிடுவார்கள். சான்றிதழ், அளவு வரம்பு எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. சர்வர்.எக்ஸ்எம்எல்-ல் கனெக்டர் வரியில் அட்ரஸ் 127.0.0.1 என்று சேர்த்தால் டாம்கேட் வெளியாட்களுக்குக் காதே கொடுக்காது. ஃபயர்வாலிலும் அடையுங்கள். இரண்டும் வேண்டும்.

பழைய டாம்கேட் ஓட்டுபவர்கள் 8009-ஐயும் பாருங்கள். அது ஏஜேபி போர்ட், அப்பாச்சியின் மாட்_ஜேகே பேசுவதற்காக வைத்தது. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியானது. இந்தப் போர்ட் திறந்திருந்தால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு உள்பட, புரோகிராமின் உள் கோப்புகளை வெளியாள் படிக்க முடிந்தது. 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் சரிசெய்து, ஏஜேபியை இயல்பாகவே அணைத்துவைத்தார்கள். ஏஜேபி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

விவசாயி பெயரைத் தமிழில் அடித்தால் புரியாத குறிகளாகச் சேமிக்கிறது. என்ஜின்எக்ஸை எப்படி மாற்றுவது?

என்ஜின்எக்ஸை மாற்ற வேண்டாம், அது எழுத்தைத் தொடுவதே இல்லை. படிவத்தில் வரும் எழுத்தை, யாரும் எதுவும் சொல்லாவிட்டால், ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்வது ஜாவா சர்வ்லெட்டின் பழைய விதி. அதில் தமிழுக்கு இடமே இல்லை. டாம்கேட் 9 முதல் வெப்.எக்ஸ்எம்எல்-ல் ரிக்வெஸ்ட் கேரக்டர் என்கோடிங் என்று எழுதி யுடிஎஃப்-8 தரலாம். டேட்டாபேஸையும் பாருங்கள்: மைஎஸ்க்யூஎல் என்றால் அட்டவணை யுடிஎஃப்8எம்பி4-ல் இருக்க வேண்டும். தன் பெயரைத் தமிழில் சரியாக அச்சிட்ட ரசீதைப் பெறுவது அந்த விவசாயியின் உரிமை. ஆங்கிலத்திலேயே அடித்துவிடுங்கள் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்.

புது டாம்கேட் போட்டேன், பழைய வார் கோப்பு 404 காட்டுகிறது.

முதலில் அந்த 404 பக்கத்தின் அடியைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்று இருந்தால் லொகேஷன் தவறு. அப்பாச்சி டாம்கேட் என்று பதிப்பு எண்ணோடு இருந்தால் கோரிக்கை உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது, குறை பின்னால். டாம்கேட் 10-ல் ஜாவாஎக்ஸ் என்ற பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. 9-க்கு எழுதியது அப்படியே ஓடாது. வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஒரு அடைவு உருவாக்கி அதில் போட்டால் டாம்கேட் 10 தானே மாற்றிக்கொள்ளும்.

பைத்தானில் எழுதியது என்றால்?

டாம்கேட் இடத்தில் கூனிகார்ன். போர்ட் 8000, அல்லது யூனிக்ஸ் சாக்கெட் (போர்ட்டுக்குப் பதில் ஒரு கோப்பு). கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் எண்ணை வொர்க்கர்களுக்கு வைத்துத் தொடங்கலாம். 30 வினாடிக்கு மேல் பதில் தராத வொர்க்கரைக் கூனிகார்ன் கொன்றுவிடும்; அதனால் டாம்கேட்டில் 504 ஆக வருவது இங்கே 502 ஆக வரும். சாக்கெட் கோப்பை உங்கள் ஹோம் அடைவுக்குள் வைக்காதீர்கள், என்ஜின்எக்ஸுக்கு உள்ளே வர அனுமதி இருக்காது.

சீசனில் ரொம்ப மெதுவாகிறது. மேக்ஸ் த்ரெட்ஸை 1000 ஆக்கட்டுமா?

டேட்டாபேஸ் இணைப்புகள் எத்தனை என்று முதலில் சொல்லுங்கள். அந்த இணைப்புகளை வைத்திருந்து தரும் ஹிக்காரி பூலில் இயல்பாக 10-தான். 200 த்ரெட்டும் அந்த 10-க்கு வரிசையில் நிற்கும்போது, 1000 ஆக்கினால் வரிசை நீளுமே தவிர வேகம் வராது. மெதுவான எஸ்க்யூஎல் எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் இண்டெக்ஸ் இல்லாத தேதிப் பத்தி ஒன்று சிக்கும். படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை என்ஜின்எக்ஸே நேராகத் தரும்படி தனி லொகேஷன் எழுதுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எண்களைத் தொடலாம்.

சான்றிதழ்?

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, சர்ட்பாட் அதை வாங்கி என்ஜின்எக்ஸில் பொருத்திவிடும். வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான், புதுப்பிப்பது தானாக நடக்கும். ஹெச்டிடிபி வழியாகச் சரிபார்ப்பதால் 80-ஐ ஃபயர்வாலில் அடைத்துவிடாதீர்கள். அலுவலக பிராட்பேண்டுக்குப் பொது ஐபி இல்லையென்றால் வெளியிலிருந்து 80-க்கு யாரும் வர முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள், அல்லது மாதவாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் சர்வர்) எடுங்கள்.

எதுவுமே வேலை செய்யவில்லை. எங்கே தொடங்குவது?

உள்ளிருந்து வெளியே வாருங்கள். சர்வருக்குள் நுழைந்து கர்ல் கட்டளையால் 127.0.0.1, போர்ட் 8080-ஐக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் என்ஜின்எக்ஸைத் தொடவே வேண்டாம், டாம்கேட்டின் கேடலினா.அவுட் லாக்கைப் படியுங்கள். பதில் வந்தால் அதே இயந்திரத்திலிருந்து டொமைன் பெயரில் 443-ஐக் கேளுங்கள். அங்கே நின்றால் என்ஜின்எக்ஸின் எரர் லாக். அதுவும் சரியென்றால் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் போனில் திறந்து பாருங்கள். அங்கே மட்டும் வரவில்லையென்றால் ஃபயர்வால், ரவுட்டர், டிஎன்எஸ் மூன்றில் ஒன்று. எந்தப் படியில் நின்றது, லாக்கின் கடைசி வரி என்ன என்ற இரண்டையும் எழுதி அனுப்பினால், பெங்களூரில் இருக்கும் புரோகிராமரும் போனிலேயே வழி சொல்லிவிடுவார்.